நுரையீரலைப் பார்க்காத நிரல்

காலை பத்து மணிக்கு மருத்துவமனையில் அந்தக் கணினி நிரல் வேலையைத் தொடங்கவிருந்தது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் அதைப் பழைய படங்களைக் காட்டிப் பழக்கி உருவாக்கப் பல்கலைக்கழகக் குழுவுக்கு மூன்று வருடம் பிடித்தது. ஒன்பதரைக்கு ஆராய்ச்சி மாணவி கடைசியாக ஒரு சோதனை செய்தாள். நோயாளி ஒருவரின் படத்தில் நுரையீரல் முழுவதையும் கறுப்பால் மறைத்துக் கொடுத்தாள். ‘நிமோனியா, 97 சதவீதம்’ என்று திரை சொன்னது.

படத்தின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறிதான் மிச்சமிருந்தது. அதே மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, எக்ஸ்ரே ஓரத்துல அம்புக்குறி எதுக்கு?”

“எழுந்திரிக்க முடியாதவங்களுக்கு வார்டுக்கே மெஷினைத் தள்ளிட்டு வந்து எடுப்போம்டி. அந்த மெஷின் போடுற குறி. ஏன் கேக்குற?”

அவள் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழுவை நடத்தும் பேராசிரியர் மருத்துவமனைக்குக் கிளம்பக் கார் சாவியோடு வாசலில் நின்றார்.

“சார், அது நுரையீரலையே பார்க்கல. படுக்கையில கிடக்குறவங்க படத்துலதான் அம்புக்குறி இருக்கு, அவங்கள்லதான் நிமோனியா அதிகம்; அதனால அம்புக்குறி இருந்தா நோய்ங்குது. நடந்து வர்ற நோயாளியை ஒண்ணுமில்லைன்னு அனுப்பிடும்!”

“விளையாடுறியாம்மா? அங்க எல்லாரும் காத்திருக்காங்க.”

அவள் கணினியை நீட்டினாள். அவரே நிமோனியா உறுதியான வேறொரு நோயாளியின் படத்தில் அம்புக்குறியை மட்டும் அழித்துப் பார்த்தார். நோய் இல்லை என்றது. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

மருத்துவமனையை அழைத்தார். “இன்னைக்கு ஆரம்பிக்காதீங்க. தப்பு எங்க மேலதான்.”

மறுமுனையில் யாரோ கத்துவது அவளுக்கும் கேட்டது. அவர் போனை வைத்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

“முதல்ல இருந்து பழக்கணும். குறி இல்லாத படம் நம்மகிட்ட எத்தனை இருக்கு?”