ஷோரூமில் பாய் விரித்தவர்கள்

மானஸாவின் குழந்தை அப்போதுதான் கண் அயர்ந்திருந்தது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கார் பின்னால் நகர்ந்தது. உடனே அதன் ரிவர்ஸ் பாட்டு கீச்சுக்குரலில் ஆரம்பித்தது. தூளிக்குள் குழந்தை கையை உதறிக்கொண்டு வீறிட்டது. சூடாமணி கையிலிருந்த கரண்டியைச் சமையல் மேடைமேல் வீசினாள்.

"நேராப் போற காரே கிடையாதா இவாகிட்ட? எல்லாம் பின்னாலயேதான் போகுமா?"

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சம்பத்குமார் அதை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மனைவிக்குக் கோபம் வந்தால் அது அவர் வழக்கம்.

சூடாமணி பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். சின்ன காஞ்சிபுரத்தில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் இருந்தது அவர்கள் தெரு. மெயின் ரோட்டில் கார் ஷோரூம் வந்தபோது தெருவில் யாரும் கவலைப்படவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்டரிகள் வர வர, கார் வாங்குகிறவர்களும் பெருகினார்கள். ஷோரூம்காரர்கள் பின்புறம் சர்வீஸ் ஸ்டேஷன் போட்டார்கள். வண்டி கழுவும் பம்ப் விடியற்காலையிலேயே இரைந்தது. ஹாரனை அழுத்திப் பார்த்தார்கள், அலாரத்தை அலறவிட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஓர் உயரமான கம்பத்தை நட்டு, அதில் நாலு பக்கமும் ஃபோகஸ் விளக்குகளை மாட்டினார்கள். அந்த வெளிச்சம் சூடாமணியின் வீட்டு வெண்டிலேட்டர் வழியாக நேரே தூளிமேல் விழுந்தது. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் மானஸா ஜன்னலுக்கெல்லாம் பெட்ஷீட் கட்டியும் பயனில்லை. காற்று நின்றதுதான் மிச்சம்.

மறுநாள் பள்ளி விட்டதும் சூடாமணி நேரே ஷோரூமுக்குப் போனாள். மேனேஜர் கைலாசம் எழுந்து நின்று வரவேற்று, கூல் டிரிங்க்ஸ் வரவழைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"லைட்டு செக்யூரிட்டிக்கு மேடம். நைட்ல அத்தனை வண்டி நிக்குது."

"வண்டிக்கு வெளிச்சம் போடுங்கோ, வேண்டாம்னு சொல்லலை. என் பேத்தி மூஞ்சியில எதுக்குப் போடறேள்?"

கைலாசம் சிரித்தார். "கோயில் மைக் விடிகாலைல அலறுது. அதுக்கு நீங்க யாரும் கம்ப்ளெயிண்ட் பண்றதில்லையே மேடம்."

"பெருமாள் உற்சவத்துக்கு உற்சவம்தான் வீதிக்கு வரார். உங்க கார் தினமும்னா வரது."

பார்த்துச் செய்வதாகச் சொன்னார். விளக்கு ஒரு வாரம் சாய்ந்திருந்தது. அப்புறம் பழையபடி நிமிர்ந்துகொண்டது.

அந்த வாரமே இன்னொரு சேதி வந்தது. கொண்டுவந்தவள் எதிர்வீட்டுக் கிருஷ்ணவேணி. அரசு மருத்துவமனையில் நர்ஸ், பாதி நாள் இரவு ஷிப்ட். பகலில் தூங்கினால்தான் அவளுக்கு உண்டு.

"டீச்சர், தர்மன் அண்ணன் அவரோட மில்லு ஷெட்டை இடிச்சுக்கினு இருக்காரு. அந்த எடத்தை கார் கம்பெனிக்கு லீசுக்கு வுட்டுட்டாராம். டிங்கரிங் ஷெட்டு வருதாம். நாள் பூரா தகரத்தைத் தட்டுவானுங்க."

தர்மனின் இடம் சூடாமணி வீட்டு இன்னொரு பக்க மதிலை ஒட்டினாற்போல இருந்தது. முசரவாக்கம் கிராமத்தில் நிலத்தை விற்றுவிட்டு வந்து, இந்த இடத்தில் மாவு மில் வைத்திருந்தவர் அவர்; வீடும் பின்புறமே. இப்போது கட்சியில் இருந்தார். அவரிடமே போய்க் கேட்டுவிடுவது என்று சூடாமணி கிளம்பினாள்.

தர்மன் இடிந்த ஷெட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"டீச்சர், இதே எடத்துல என் மில்லு ஓடிக்கினு இருந்திச்சு. சத்தம் தாங்கலன்னு உங்க தெருக்காரங்க முனிசிபாலிட்டிக்குப் போனாங்க. முன்னால நின்னது யாரு? உங்க வீட்டுக்காரரு. மோட்டருக்கு சீல் வச்சாங்க. நான் ஒவ்வொரு வீட்டுப் படியா ஏறி எறங்கினேன். ஒருத்தரும் உள்ள வான்னு கூப்பிடல. இப்ப நீங்க என் எடத்துக்கு வந்து நின்னுக்கினு நியாயம் பேசறீங்க."

சூடாமணிக்கு முகம் எரிந்தது. மில் மூடிய வருஷம் அவளுக்குச் செங்கல்பட்டில் வேலை, தங்கியதும் அங்கேதான். மில் மூடியது தெரியும், எப்படி மூடியது என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "தர்மன் மில்லை நீங்கதான் மூட வெச்சேளா?"

சம்பத்குமார் பேப்பரை மடித்தார். "எல்லாருமாத்தான் போனோம். இரைச்சல் தாங்கலை."

"அவருக்கு ஒரு மாசம் தவணை குடுத்தேளா? வேற இடம் பாருன்னு சொன்னேளா?"

"அதெல்லாம் எதுக்கு இப்போ?"

"இப்போதான் வேணும். அன்னிக்கு வாய் கிழியப் பேசினவர், இன்னிக்குக் கொழந்தை அலறும்போது ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கறேள்? அன்னிக்கு எதிர்ல நின்னவர் மாவு மில்காரர். இன்னிக்கு நிக்கறவா பணக்காரா. அதானே?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர்மேல் வந்த கோபமும் தர்மன்மேல் வந்த கோபமும் ஒன்றையொன்று அணைக்கவில்லை, இரண்டுமே எரிந்தன. தர்மனுக்குச் செய்தது அநியாயம். அதனால் இது நியாயமாகிவிடுமா?

முனிசிபாலிட்டியில் கேட்டால் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கேட்டால் முனிசிபாலிட்டிக்குத் திருப்பினார்கள். கடைசியாகப் பார்த்த அதிகாரி, "ஊர் வளர வேணாமாம்மா?" என்றார். சூடாமணி அவர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தாள். எடுத்து அடித்துவிடுவோமோ என்று பயந்து வெளியே வந்துவிட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. அன்று ஷோரூமில் வண்டி டெலிவரி எடுக்கக் கூட்டம். வாசலில் வாழைமரம் கட்டி, கார்களுக்கு ரிப்பன் சுற்றி, மைக்கில் நாதஸ்வர கேசட் போட்டிருந்தார்கள். காலையிலேயே சூடாமணி ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பின்னாலேயே தலையணையோடு கிருஷ்ணவேணி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மானஸா. இன்னும் சில வீட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சம்பத்குமார் வாசல் வரை வந்தார், நின்றுவிட்டார்.

புதுக் கார்களுக்கு நடுவே, பளபளக்கும் தரையில், சூடாமணி பாயை விரித்துப் படுத்தாள். மற்றவர்களும் படுத்தார்கள்.

கைலாசம் ஓடி வந்தார். "என்ன மேடம் இது? நல்ல நாளும் அதுவுமா."

"எங்க வீட்டுல தூங்க முடியலை. இங்க ஏசி இருக்கு, தூங்கிட்டுப் போறோம். அந்த மைக்கைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கோ."

கையில் சாவியோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படுத்திருக்கும் பெண்களைத் தாண்டி வண்டியை எப்படி வெளியே எடுப்பது? ஒரு பெரியவர், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்தபடி, சகுனம் சரியில்லை என்று முணுமுணுத்தார். கைலாசம் போலீசுக்குப் போன் செய்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து மிரட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தர்மனின் மனைவி அங்கம்மாள் வந்தாள். அவள் கையில் ஒரு போர்வை இருந்தது. அதைச் சூடாமணிக்குப் பக்கத்தில் விரித்துப் படுத்தாள்.

சூடாமணி தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"மில்லை மூட வச்சீங்களே, அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல டீச்சரம்மா," என்றாள் அங்கம்மாள், மேலே பார்த்தபடி. "அது வேற, இது வேற. வெளிச்சம் எங்க வூட்டுலயும்தான் அடிக்குது."

கொஞ்ச நேரத்தில் தர்மனே வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், முகம் கறுத்திருந்தது.

"அங்கம்மா, எழுந்து வா. மானத்தை வாங்காத."

"வாடகை வாங்கறது நீயி. தூங்காம கெடக்கறது நானு. மில்லு ஓடுனப்பவும் யாரும் என்னைக் கேக்கல, எடத்தை வுட்டப்பவும் கேக்கல. விளக்கைத் திருப்பச் சொல்லு, பொழுது சாஞ்சா வேலைய நிறுத்தச் சொல்லு. அப்புறம் வர்றேன்."

தர்மன் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். சூடாமணியைப் பார்த்தபோது அந்தக் கண்ணில் இருந்தது வெறுப்புதான், அவளும் பார்வையைத் தாழ்த்தவில்லை. பிறகு அவர் கைலாசத்தின் பக்கம் திரும்பினார்.

"சார், ஆறு மணிக்கு மேல என் எடத்துல சுத்தியல் சத்தம் கேக்கக் கூடாது. லைட்டை இன்னிக்கே எறக்குங்க. முடியாதுன்னா லீசைக் கேன்சல் பண்ணிடறேன்."

டிங்கரிங் ஷெட் இல்லாமல் கம்பெனியால் முடியாது. கைலாசம் சப்-இன்ஸ்பெக்டர் முன்னாலேயே ஒப்புக்கொண்டார். அன்று சாயங்காலமே எலக்ட்ரீஷியன் கம்பத்தில் ஏறி, விளக்குகளைக் கீழே பார்க்கத் திருப்பி, தகர மூடி போட்டான். அலாரம் சோதனையும் இருட்டினபின் நின்றது. குழந்தை விடிய விடியத் தூங்கியது.

ஷெட் வந்தது. தை பிறப்பதற்குள் அங்கே வேலையும் ஆரம்பித்துவிட்டது. காலை ஒன்பது மணியிலிருந்து தகரத்தைத் தட்டுகிற ஓசை தெருவைப் பிளந்தது. சூடாமணி பள்ளியில் இருந்தாள், அவளுக்கு அது தெரியவில்லை. தெரிந்தது கிருஷ்ணவேணிக்கு.

"உங்களுக்கு ராத்திரி கெடச்சிச்சு டீச்சர். எனக்குப் பகல் போச்சு," என்றாள் ஒருநாள். குரலில் சண்டை இல்லை, களைப்புதான் இருந்தது. "ஆறு மணிக்கு மேலன்னு தர்மன் அண்ணன் சொன்னப்பவே பகலுக்கும் சேர்த்து நீங்க கேட்டிருக்கணும். நானும் உங்க பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்தேன்."

மறுநாள் சூடாமணி லீவு போட்டுவிட்டுக் கைலாசத்திடம் போனாள். சுவரை உயர்த்துகிறோம் என்றார். உயர்த்தவும் செய்தார்கள், ஓசை கொஞ்சம் மட்டுப்பட்டது. இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அந்தக் கொஞ்சம் போதவில்லை. மாசி மாதத்தில் கிருஷ்ணவேணி ஆஸ்பத்திரிப் பக்கமாக வீடு பார்த்துக்கொண்டாள்.

சாமான் ஏற்றுகிற அன்று சூடாமணி பாத்திரங்களைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். சம்பத்குமாரும் வந்து பீரோவுக்கு ஒரு கை பிடித்தார். டெம்போ தெருமுனை திரும்பும்வரை சுத்தியல் ஓசை நிற்கவே இல்லை.

"போயிட்டா," என்றார் சம்பத்குமார்.

"போகலை. துரத்திட்டோம், தர்மனோட மில்லைத் துரத்தினாப்பல," என்று சொல்லிவிட்டு, சூடாமணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தர்மன் வீட்டை நோக்கி நடந்தாள்.