மாமியார் சொன்ன சொல்

"இதுல என்னத்தக் கலந்த?"

பரிமளம் தேத்தண்ணிக் கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே முற்றத்தில் கொட்டினார். டிலானி திகைத்து நின்றாள். நோர்வூட் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருக்கும் அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்து ஆறு வருடமாகிறது. அவள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் என்பதை மாமியார் பரிமளம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

"தோட்டத்துக்காரிய உள்ள விட்டது என் தப்பு. எங்கடி என் வளையல்?"

வளையல் அவர் கையிலேயே கிடந்தது.

கணவன் கோகுலராஜிடம் சொன்னாள். "வயசாயிருச்சு, விடு" என்று அவன் கடைக்குப் போய்விட்டான்.

டிலானிக்குப் பக்கத்து வீட்டு மீனம்மா மேல்தான் சந்தேகம். முந்தின நாள் அவளும் மாமியாரும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். இவள் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. கோகுலராஜுக்கு முதலில் பார்த்த பெண் மீனம்மாவின் தங்கை மகள். அந்த எரிச்சலில் இல்லாததையும் பொல்லாததையும் ஓதிவிட்டாளா?

சாயங்காலம் மீனம்மா வந்தபோது டிலானி வாசலை மறித்தாள்.

"அத்தகிட்ட என்னப் பத்தி என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? குளிருதுன்னாங்க, கதவச் சாத்தினேன். பேசிக்கிட்டே இருந்தவங்க திடீர்னு என்னையவே யாருன்னு கேட்டாங்க, டிலானி. எனக்குப் பயமாப் போச்சு."

என்னமாய் நடிக்கிறாள் என்றுதான் டிலானிக்குத் தோன்றியது. ஆனாலும் இருவரும் அறைக்குள் போனார்கள். பரிமளம் கட்டிலில் சாய்ந்து, மலையேறி வந்தவர் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நெற்றி சுடவில்லை. உதடு மட்டும் கறுத்திருந்தது.

மீனம்மாதான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "நிமோனியா" என்றார்.

"காய்ச்சலே இல்லையே?" என்றாள் டிலானி.

"வயசானவங்களுக்குக் காய்ச்சல், இருமல் இல்லாமலும் வரும். புத்தி தடுமாறுறதுதான் சில பேருக்கு முதல்ல தெரியும். சீனி வருத்தம் இருக்கா?"

"பல வருசமா இருக்கு. சீனிக்கு மாத்திர போடுறாங்க."

"குளிருக்கு ரூம்ல நெருப்பு வைப்பீங்களா?"

"கரிச்சட்டி வைப்போம்."

"பல்செட்டக் கழட்டிட்டுத்தான் தூங்குவாங்களா?"

"இல்ல, போட்டுக்கிட்டேதான்."

தன்னைக் குற்றவாளிபோல விசாரிப்பதாக டிலானிக்குப் பட்டது. கடையிலிருந்து வந்து சேர்ந்திருந்த கோகுலராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"எல்லாமே இந்த நிமோனியா வருத்தத்துக்கு வழிவிடும். இனிமே படுக்கும்போது பல்செட்டக் கழுவித் தண்ணியில போட்டு வைங்க. புகையே ஆகாது. சீனியக் கட்டுப்பாட்டுல வைங்க. சுகமானதும் தடுப்பூசியப் பத்திப் பேசுவோம்" என்றார் டாக்டரம்மா.

சில நாளில் பரிமளம் தெளிந்தார். டிலானி ஊட்டிய கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தார்.

"ஏன்டி அப்பிடிப் பாக்குற?"

"நீங்க வீட்ல என்னையப் பேசினது ஞாபகம் இருக்கா, அத்த?"

"என்ன பேசினேன்?"

அந்தக் கண்களில் டிலானி எதையோ தேடினாள். உண்மையாகவே மறந்துவிட்டாரா? 'தோட்டத்துக்காரி' என்ற அந்தச் சொல் காய்ச்சலில்லாத அந்த நோயோடு வந்ததா, இல்லை ஆறு வருடமாக உள்ளேயே கிடந்ததா? எந்த எக்ஸ்ரேயிலும் அது தெரியப்போவதில்லை.

"ஒண்ணுமில்ல அத்த" என்று அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.