மென்மையாக வழிகாட்டினேன்

ஆளைத் தள்ளுவதற்கு ஆங்கிலத்தில் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன என்பது, ட்ரெவர் ஒட்டிவைத்த தாளைப் பார்த்த பிறகுதான் லொரெய்ன் பிக்கர்ஸ்கில்லுக்கே தெரிந்தது. அவளுக்கு அது தாய்மொழி. நெட்டித் தள்ளுவது, இடித்துத் தள்ளுவது, முண்டுவது, பிடித்து உலுக்குவது, பிடரியைப் பிடித்துக் கிளப்புவது, தரதரவென்று இழுப்பது, தூக்கிக் கடாசுவது என்று மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் ஒரு கோடு. இவற்றில் ஒன்றை அறிக்கையில் எழுதுகிறவர் அடுத்த சனிக்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று அடியில் ஒரு மிரட்டலும் இருந்தது.

யார்க்‌ஷயரில் அது ஒரு சின்ன ஊர். அதன் கால்பந்து அணி அதைவிடச் சின்னது. ட்ரெவர் கிளஃப் அங்கே ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட மைதானக் காவலர்களுக்குத் தலைவர். ஆட்டம் முடிந்ததும் காவலர்கள் எல்லாரும் கேலரிக்கு அடியிலுள்ள அறையில் கூடி, இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ பலகாரத்தைக் கடித்துக்கொண்டே அன்றைய சங்கதிகளைப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எழுதுவதற்கு எல்லாரும் லொரெய்னிடம்தான் வருவார்கள். பதினோரு வருட அனுபவம்.

"லொரெய்ன், குடிச்சிட்டு வந்தவனை காலரைப் பிடிச்சு வெளியே தூக்கிப் போட்டேன். எப்படி எழுதுறது?"

"வெளியேறும் வழியைக் காட்டினேன்னு எழுது கண்ணு."

"வழியில சுவத்துல இடிச்சிட்டான்."

"அப்போ, மென்மையாக வழிகாட்டினேன்."

அறையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். தன் சொந்த அறிக்கைகளிலும் பதினோரு வருடமாக அதே வரியைத்தான் எழுதி வந்தாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. மற்ற தடியன்களைப் போல இல்லாமல், தான் மட்டும் ஆட்களைப் பூப்போல நடத்துவதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் வால்டர் ப்ரூம் விழுந்தார். வயது எழுபத்து நாலு. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில், நிற்கக் கூடாத படிக்கட்டில் நின்றுகொண்டு, நகரச் சொன்னால் நகராமல் எதிரணியை வைதுகொண்டிருந்தார். லொரெய்ன் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு அவர் முழங்கையை லேசாகத் தொட்டு, "வாங்க ஐயா" என்றாள். அந்த நேரம் பார்த்து, மேலேயிருந்து ரீஸ் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தான். பெரியவர் ஏழு படி உருண்டு போனார். இடுப்பு எலும்பு முறிந்தது. அவளுக்கு நினைவிருந்தது இதுதான்.

ரீஸ் ஹெப்டனுக்கு இருபத்து மூன்று வயது. போலீஸ் வேலைக்கு எழுதிப்போட்டு, நேர்காணலும் முடித்துவிட்டுக் காத்திருந்தான். அன்று மாலை அவனும் படிவத்தை எடுத்துக்கொண்டு, முகம் வெளிறிப்போய் அவளிடம் வந்தான்.

"லொரெய்ன், அந்தப் பெரியவரை நீங்க... அதுக்கு என்ன வார்த்தை போடட்டும்?"

"எப்பவும் போடுறதுதான். மென்மையாக வழிகாட்டினார்னு போடு."

அவன் அவளையே ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு அப்படியே எழுதினான்.

அவளோ தன் படிவத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, சிவப்புக் கோடு போட்ட வார்த்தை ஒன்றை எழுதினாள். ரீஸ் நெட்டித் தள்ளினான். ஒரு கிழவரின் இடுப்பை உடைத்தவனுக்கு வார்த்தையில் சலுகை காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாளே ரீஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவனே எழுதிய தாள் அவளைக் குற்றமற்றவள் ஆக்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் என்ன சொல்லியும் எடுபடவில்லை. போலீஸ் வேலை இனி அம்போதான் என்று ஊரெல்லாம் பேச்சு.

கேமராப் பதிவு வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. ட்ரெவர் அவளை அழைத்துக் கதவைச் சாத்தினான்.

"உக்காரு. பாத்துட்டு வாயைத் திறக்காதே."

படத்தில் சத்தம் இல்லை. படிக்கட்டு தெரிந்தது. வால்டரின் தொப்பி தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட தடித்த பெண்ணொருத்தி ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அவள் ஒரு காலைப் பின்னுக்கு வைத்து ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முதுகில் வைத்து, மாட்டிக்கொண்ட அலமாரியை நகர்த்துவது போல முழுப் பலத்தோடும் தள்ளினாள். அவர் காற்றில் போனார். அதன் பிறகுதான் மேலே நின்றிருந்த ரீஸ், அவரைப் பிடிக்கக் கைகளை நீட்டிக்கொண்டு மூன்று மூன்று படியாகக் குதித்து வந்தான்.

"யார் அது?" என்று கேட்டாள் லொரெய்ன்.

ட்ரெவர் படத்தைக் கொஞ்சம் ஓடவிட்டு, அந்தப் பெண் திரும்பும் இடத்தில் நிறுத்தினான். ஜாக்கெட் முதுகில் எண் முப்பத்தொன்று. அவளுடைய எண்.

அவள் பொய் சொல்லியிருக்கவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. முழங்கையைத் தொட்டது இப்போதும் விரலில் நினைவிருந்தது. படத்திலோ அவள் அந்த முழங்கைப் பக்கமே போகவில்லை. மறுபடி போடச் சொன்னாள். நாலு தடவையும் அந்தப் பெண் அதையேதான் செய்தாள். அவள் முகத்திலிருந்த வெறுப்பைப் பார்க்க லொரெய்னுக்கே பயமாக இருந்தது.

"இது என்கிட்ட மட்டும்தான் இருக்கு," என்றான் ட்ரெவர். "கூட்டம் முண்டிச்சு, பெரியவர் தடுமாறினார். அப்படி எழுதிடலாம். பையனையும் மெதுவா உள்ளே எடுத்துக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லே."

"புதுப் படிவம் ஒண்ணு குடு."

"லொரெய்ன், உன் காவலர் உரிம அட்டை போயிடும். கேஸ் வரும். யோசிச்சுப் பாரு."

"குடுடா!"

ஒரே வரிதான் எழுதினாள். வால்டர் ப்ரூமைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் நான்தான் தள்ளினேன். கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதி போலீஸுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்து ரீஸுக்குப் போன் செய்தாள்.

நடந்ததைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள்.

"அப்போ நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா?" என்றான் அவன். "வேணும்னுதான் என்னை மாட்டிவிட்டீங்கன்னு நெனைச்சேன். ஒன்பது நாளா உங்களைத் திட்டாத திட்டு இல்லே."

"தெரியாது ரீஸ். சத்தியமா தெரியாது." அவள் காரின் மேல் சாய்ந்துகொண்டாள். "இதுக்கு முன்னாடி எப்பவாவது நான் யாரையாவது... நீ பாத்திருக்கியா?"

அவள் மேல் இப்போது அவனுக்குக் கோபமில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"எந்தச் சனிக்கிழமையைக் கேக்குறீங்க, லொரெய்ன்?"