தன்னிடமே பாஸாகாத மாமியார்

டில்லியில் ஏசியாட் விளையாட்டு முடிந்த மறுவருஷக் குளிர். பூங்கோதைக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அவள் டில்லி கிட்வாய் நகரில், சர்க்கார் கம்ப்யூட்டர் ஆபீஸில்; கணவன் ரத்தினவேல் மெட்ராஸில். ஜில்லாக்களுக்கு அரிசி பிரிக்கும் புரோகிராமை ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி, டேப்பில் ஏற்றி, மெட்ராஸ் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினால் ஒரு மாதம் அங்கேயே டியூட்டி. சர்க்கார் செலவில் தேனிலவு என்று ஆபீஸே பேசிக்கொண்டது.

குறுக்கே நின்றது 'மாமியார்'. ஒரு கம்ப்யூட்டருக்கு எழுதியது இன்னொன்றில் ஓடுமா என்று வரிவரியாகக் குறை பார்க்கும் சோதனைப் புரோகிராமுக்கு ஆபீஸில் அதுதான் பெயர். அவள் வாயை மூடினால்தான் டேப் வாசலைத் தாண்டும். மாமியாரோ பழைய ஃபோர்ட்ரானோடு படிப்பை நிறுத்தியவள். பூங்கோதை எழுதியது எழுபத்தேழில் வந்த புது பாணி. மாமியார் வரிக்கு வரி முகம் சுளித்தாள். குறைகள் அச்சான காகிதத்தை விரித்தால் மோதி பாக் வரை நடைபாதை போடலாம்.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றி எழுதச் சொன்னார் அதிகாரி வெங்கடேஸ்வரன். மாற்றி முடிப்பதற்குள் அடுத்த ஏசியாடே வந்துவிடும்; மெட்ராஸுக்கு வேறு யாராவது போய்விடுவார்கள். பூங்கோதைக்கு ஒரு குறும்பு தோன்றியது. மாமியாரின் சொந்தப் புரோகிராமையே மாமியாரிடம் சோதிக்கக் கொடுத்தாள். யார் யாரோ ஒட்டுப்போட்ட உடம்பு. மாமியார் தன்னைப் பற்றியே பக்கம் பக்கமாகப் புலம்பித் தள்ளினாள்.

வெங்கடேஸ்வரன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"அச்சா, இவளே பாஸாகலையேம்மா. சரி, புது பாணி தெரியாம சொன்ன குறையை மட்டும் அடிச்சிடு. மிச்சத்துக்குப் பதில் சொல்லு."

அடித்துக்கொண்டே வந்தவள் கடைசிப் பக்கத்தில் நின்றாள். அந்த ஒரு குறை நிஜம். டில்லி மெஷின் ஊர்ப் பெயருக்கான ஒரு கட்டத்துக்குள் எட்டு எழுத்து வைக்கும். மெட்ராஸ் மெஷின் நாலுதான். ஆங்கிலத்தில் நாலு எழுத்தோடு நின்றால் திருச்சியும் திருநெல்வேலியும் ஒரே TIRU-தான். இரண்டு ஜில்லா அரிசியும் ஒரே இடத்தில் கொட்டி, தாமிரபரணி கஞ்சியாக ஓடியிருக்கும். அதைத் திருத்தினாள், டேப்பும் அவளும் ரயிலேறினார்கள்.

சென்ட்ரலில் ரத்தினவேலோடு அவன் அம்மா தங்கமும் நின்றிருந்தாள். இளைத்துவிட்டாய், புடவை கசங்கியிருக்கிறது, தலையில் பூ இல்லை என்று வரிசை நீண்டது. பூங்கோதை ஒவ்வொன்றையும் மனசுக்குள் அடித்துக்கொண்டே நடந்தாள்.

"அது கெடக்கட்டும். என்னமோ டேப்பு, மடியை விட்டு எறக்க மாட்டேன்னு எழுதியிருந்தியே, அது எங்க?" என்றாள் தங்கம்.

பூங்கோதை வந்த வழியே ஓடினாள். மேல் பர்த்தில், ஸ்வெட்டருக்குள் சுருண்டு, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது டேப்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவள் சொன்னாள்: "அத்தை, முன்னாடி சொன்னதையெல்லாம் இன்னொரு தரம் சொல்லுங்க."