ஏ/எல் பெரியண்ணன்

யாரும் கேட்காமலேயே அந்த வேலையை நான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் சொல்லிக் காட்ட வேண்டாம்.

அலோர் ஸ்டார் மெர்கோங்கில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி சத்தியசீலன், நான், பாதி நேரம் ஓடாத ஓர் ஏர்கோன். கெடா மாநிலம் முழுக்கப் பதினொரு டயாலிசிஸ் மையங்களின் சர்வர்களை நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். ஒவ்வோர் ஊராகப் போய்த் திருத்திக்கொண்டிருந்தால் கீழே இருக்கும் டயர் கடைக்காரருக்குத்தான் கொண்டாட்டம். அதனால் சர்வர் எப்படி இருக்கவேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடுவோம். அரை மணிக்கொரு தடவை எல்லா சர்வர்களும் அதைப் படித்துத் தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ளும்.

அப்படி எழுதுவதற்கு மாட்யூல்கள் உண்டு. எங்கோ ஒருவர் எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டுவிட்டுப் போன துண்டு நிரல்கள். எழுதியவருக்குக் கல்யாணமாகும், வேலை மாறும், சலித்துப்போகும். அப்புறம் பயன்படுத்துகிறவர்களே நாலைந்து பேர் சேர்ந்து அதைக் கவனித்துக்கொள்வோம். சம்பளம் கிடையாது, பெயர் மட்டும் வரும். பட்டியலைக் கொடுத்தால் அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோப்புறை செய்து தருகிற மாட்யூல் ஒன்று அப்படி நாதியில்லாமல் கிடந்தது. மூன்று வருடமாக யாரும் அதைத் தொடவில்லை. சர்வர் மென்பொருள் புதுப் பதிப்புக்குப் போய்விட்டது, இது பழசிலேயே நின்றுவிட்டது. நான் தத்தெடுத்தேன்.

இரண்டு வாரம் மாங்கு மாங்கென்று உழைத்தேன். பழைய வரிகளைத் தூக்கினேன், புதியவற்றை எழுதினேன். நடுவில் ஒரு வரி இருந்தது. பெயரில் எழுத்தல்லாத குறி எதுவும் வந்தால் அதை அடிக்கோடாக மாற்றிவிடும். எதற்கென்று ஒரு விளக்கமும் இல்லை. சோதனைகள் ஒன்றுகூட அந்த வரியைத் தொடவில்லை. பெயரில் யார் குறி வைக்கப்போகிறார்கள் என்று அதையும் தூக்கினேன். சோதனைக்கு வைத்திருந்த பெயர்கள் ஜான், மேரி, பீட்டர். எல்லாம் பச்சை, ஒன்றும் தவறவில்லை. அந்த நாலைந்து பேரில் போலந்திலிருந்து ஒருவரும் சிலியிலிருந்து ஒருவரும் பார்த்துவிட்டு அருமை என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குப் பதினொரு மையங்களுக்கும் அனுப்பிவிட்டேன்.

என் ஐசியில், அடையாள அட்டையில், என் பெயர் யோகேஸ்வரி ஏ/பி பக்கிரிசாமி. இந்த நாட்டுத் தமிழர் பெயரின் நடுவில், மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி. முதலாம் ஆண்டுப் பள்ளிப் பாரத்திலிருந்து போன மாதம் போட்ட தடுப்பூசி வரைக்கும் அந்தச் சாய்கோட்டைப் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன். போலந்துக்காரருக்குத் தெரியாது, மன்னிக்கலாம். எனக்கு என்ன கேடு?

எட்டே காலுக்கு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, என் கைவண்ணத்தைப் பார்த்து ரசிக்கலாம் என்று கோலா கெத்தில் என்ற ஊரிலுள்ள மையத்தின் சர்வரைத் திறந்தேன். முந்தின நாள் நோயாளிக்கு ஒன்றாக அறுபத்து நான்கு கோப்புறைகள் இருந்தன. இப்போது அறுபத்து மூன்று. ஒன்று எங்கே போனது என்று பட்டியலை இறக்கிப் பார்த்தேன்.

சீன, மலாய்ப் பெயர்கள் அப்படியே இருந்தன. நம் பெயர்கள் எல்லாம் நடுவில் வெட்டுப்பட்டுக் கிடந்தன. காளிதாசன் ஏ. ரமணி ஏ. புவனேசன் ஏ. அப்பா பெயர் ஒருவருக்கும் இல்லை.

கணினிக்குச் சாய்கோடு என்றால், இந்தப் பெட்டியைத் திற, உள்ளே அடுத்த பெட்டி இருக்கிறது என்று பொருள். அந்தப் பழைய வரி இருந்தவரை சாய்கோடு அடிக்கோடாகிப் பிழைத்துக்கொண்டது. நான் அதைத் தூக்கியதும், 'காளிதாசன் ஏ' ஒரு பெட்டியாகவும், அவருடைய அப்பா அதற்குள் இன்னொரு பெட்டியாகவும் ஆகிவிட்டார்கள். சிகிச்சைத் தாள் உள்பெட்டியில் இருந்தது. வார்டில் இருக்கும் திரை வெளிப்பெட்டியின் பெயரைக் காட்டும். தொட்டால் உள்ளே முதலில் இருக்கும் தாளைத் திறக்கும். உள்ளே ஒரே ஒருவர் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

குறைந்துபோன அந்த ஒன்று யாருடையது என்று தேடினேன். 'அய்யாவு ஏ' என்ற பெட்டிக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். முனியாண்டி மகன் ஒருவர், பெரியண்ணன் மகன் ஒருவர். இரண்டு பேருமே செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிப் பிரிவு. ஆங்கில வரிசையில் முனியாண்டிதான் முன்னால் வருவார்.

இரண்டு தாள்களையும் திறந்தேன். முனியாண்டி மகனுக்கு ஹெப்பாரின் உண்டு. இரத்தம் குழாயில் கட்டிக்கொள்ளாமல் இருக்க இயந்திரம் நாலு மணி நேரமும் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்து அது. பெரியண்ணன் மகன் தாளின் தலைப்பில் சிவப்பு எழுத்து: மூன்று வாரத்துக்கு முன் வயிற்றுப் புண்ணில் இரத்தக் கசிவு, ஹெப்பாரின் கூடவே கூடாது.

மணி எட்டு இருபது. இயந்திரம் ஓடத் தொடங்கி ஒரு மணி இருபது நிமிடம் ஆகிவிட்டது.

பதினொரு மையங்களுக்கும் பழைய மாட்யூலைத் திரும்பப் போட்டு, அரை மணிக்குக் காத்திராமல் கையாலேயே ஓடவிட்டேன். நாலு நிமிடத்தில் அறுபத்து நான்கும் வந்துவிட்டன. அய்யாவு இருவரும் அவரவர் அப்பாவோடு திரையில் பத்திரமாக நின்றார்கள். நின்று என்ன? ஊசி குத்தி, இயந்திரத்தைத் தட்டிவிட்ட பிறகு எந்த நர்ஸ் மறுபடி தாளைப் பார்ப்பார்? மெர்கோங்கில் உட்கார்ந்துகொண்டு திரையை நான் மாற்றலாம். இயந்திரத்தை நிறுத்த முடியாது.

மையத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பவும் போட்டேன். முன்மேசையில் இருக்கும் பெண் ஒன்பது மணிக்குத்தான் வருவாள். நர்ஸ் சாந்தினியின் எண் என்னிடம் இருந்தது. அடித்தேன், எடுக்கவில்லை. உள்ளே போகும்போது போனை லோக்கரில் பூட்டிவிட்டுப் போவது அங்கே சட்டம். வாட்ஸ்அப்பில் 'அய்யாவு பெரியண்ணன் ஹெப்பாரின் நிறுத்துங்க' என்று ஏழு தடவை அனுப்பினேன். பூட்டிய பெட்டிக்குள் ஏழு தடவை அதிர்ந்திருக்கும்.

சத்தியசீலனைக் கூப்பிட்டேன். அவர் சுங்கைப் பட்டாணியில் ஒரு மீட்டிங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"யோகேஸ், பதறாத லா. பழசுக்கு ரோல்பேக் பண்ணிட்டல்ல?"

"பண்ணிட்டேன் பாஸ். ஆளு மெஷின்ல இருக்காரு பாஸ்!"

"சரி, சரி. லாக் ரெக்கார்ட் எல்லாம் எடுத்து சேவ் பண்ணி வை. நாளைக்கு நம்ம தலையில கட்டப் பாப்பானுங்க."

"அந்த ஆளு செத்துப்போயிடுவாரு!" என்று கத்தினேன். கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் நின்றது. நான் போனை வைத்துவிட்டேன்.

காரை எடுத்தால் ஒன்றேகால் மணி நேரம். நான் போய்ச் சேர்வதற்குள் மருந்து முக்கால்வாசி உள்ளே போயிருக்கும். கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டு, திரும்பவும் மேசையில் போட்டேன். கடவுளே, பக்கத்தில் யாராவது ஒரு மனுஷன் இருந்தால் போதும் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. கூகுள் வரைபடத்தைத் திறந்து மையத்தின் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒட்டினாற்போல் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. எண்ணும் போட்டிருந்தது.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். "ஹலோ, அலி பேசுறேன். புங்குஸா? எத்தனை?"

"பொட்டலம் வேணாம் அண்ணே! நான் அலோர் ஸ்டார்லேருந்து பேசுறேன். உங்க பக்கத்துல டயாலிசிஸ் சென்டர் இருக்குல்ல, அதுக்குள்ள ஓடுங்க அண்ணே. நர்ஸ் சாந்தினிகிட்ட, அய்யாவுக்கு ஹெப்பாரின உடனே நிறுத்தச் சொல்லுங்க. தப்பு மருந்து அது. ஓடுங்க அண்ணே, செப்பாட், சீக்கிரம்!"

"என்னாம்மா சொல்ற? பேரு என்னா மருந்து?"

"ஹெப்பாரின். மறந்துட்டா, ரத்த மருந்துன்னு சொல்லுங்க, போதும்."

"சரி. எந்த அய்யாவு? அங்க ரெண்டு அய்யாவு லா. ரெண்டு பேரும் நம்ம கடைக்குதான் பசியாற வருவாங்க. சீனியில்லாத தே ஓ குடிக்கிறவரா, கால் தாங்கித் தாங்கி நடக்கிறவரா?"

எனக்கு எப்படித் தெரியும்? நாலு வருடமாக அந்த மனிதரின் எடை, இரத்த அழுத்தம், ஊசி குத்தும் கை எல்லாம் என் சர்வரில் இருக்கின்றன. முகம் தெரியாது. தெருவில் எதிரே வந்தால் வழிவிட்டு நடந்து போயிருப்பேன்.

"ஆளத் தெரியாது அண்ணே. அப்பா பேரு பெரியண்ணன். பெரியண்ணன் மகன் அய்யாவு."

"யா அல்லா, அப்பன் பேர வெச்சு நான் எங்க தேட? இரு, போயிக் கத்துறேன். போன வைக்காத."

போனை அடுப்பு மேடையிலோ எங்கோ வைத்துவிட்டு ஓடினார். எனக்குத் தட்டுகளின் சத்தம் கேட்டது. ரொட்டி சானாய் அடிக்கும் சத்தம், தொலைக்காட்சியில் மலாய்ச் செய்தி. யாரோ ஒருவர் "தே தாரிக் சத்து" என்று ஒரு டீ கேட்டார். உலகத்தில் எதுவும் நடக்காததுபோல் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. திரையில் நிமிடம் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு முப்பத்தொன்று. எட்டு முப்பத்திரண்டு. எட்டு முப்பத்தாறு. பெரியண்ணன் மகன், பெரியண்ணன் மகன் என்று சாமி பெயர்போல முணுமுணுத்தேன்.

எட்டு முப்பத்தொன்பதுக்குப் பெண் குரல் வந்தது. கடைக்கு ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. "யோகேஸ்வரியா? சாந்தினி பேசுறேன். ஹெப்பாரின் பம்ப நிறுத்திட்டேன். டாக்டருக்குச் சொல்லியாச்சு. ஸ்கிரீன்ல ஒரு அய்யாவுதான் இருந்துச்சு யோகேஸ்வரி. பேரு நீளம், பாதி தெரியுதுன்னு நெனச்சிட்டேன்." சொல்லிவிட்டுத் திரும்ப வார்டுக்கு ஓடினார்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மருந்து ஏறியிருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அய்யாவு இரண்டு தடவை இரத்த வாந்தி எடுத்தார். சுங்கைப் பட்டாணி மருத்துவமனையில் நாலு பை இரத்தம் ஏற்றினார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் புண்ணை அடைத்தார்கள். புதன்கிழமை பிழைப்பாரா என்று தெரியாது என்றார்கள். வியாழனும் அதையேதான் சொன்னார்கள். நான் அந்த இரண்டு நாளும் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று கேட்காதீர்கள். மாட்யூலின் இணையப் பக்கத்தில் நடந்ததை எழுதிப்போட்டு, அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். பெயரில் சாய்கோடு வருவது அபூர்வம்தானே, இவ்வளவு அவசரம் தேவையா என்று சிலிக்காரர் நல்ல மனத்தோடு கேட்டிருந்தார். நாகரிகமாகப் பதில் எழுத நாலு தடவை முயன்றேன். கடைசியில் பதிலே எழுதாமல் புதுப் பதிப்பை வெளியிட்டேன்.

வெள்ளிக்கிழமை அய்யாவு கண் திறந்துவிட்டார் என்று சாந்தினி சொன்னார். சாந்தினியை விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. சத்தியசீலன், உன் பேர் வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதைக் கேட்டபோது காறித் துப்பவேண்டும்போல் இருந்தது, அவர்மேல் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் போனேன். வழி நெடுகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே காரை ஓட்டினேன். நான்தான் அய்யா, நர்ஸ் இல்லை, என் கைதான். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கட்டிலில் ஒடிசலான, கறுத்த, முழங்கை எலும்பு துருத்திய ஒருவர் படுத்திருந்தார். மகள் ஷீலா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் யோகேஸ்வரிங்க. சென்டர் கம்ப்யூட்டர் பாக்குற ஆபிஸ்லேருந்து வரேன்" என்றேன்.

ஆபிஸ் என்றதும் அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"தப்பு என் பேர்லதாம்மா" என்றார். குரல் காற்றாக வந்தது. "அந்த மருந்து எனக்கு ஆகாது மிஸ்ஸின்னு நர்ஸ்கிட்ட நான் சொன்னேன். ஸ்கிரீன்ல இருக்கு அங்கிள்னு சொன்னாங்க. கம்ப்யூட்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு கம்முன்னு படுத்துட்டேன். இன்னொரு வாட்டி சொல்லிருக்கணும். சொல்லாம விட்டது நான்தான்."

"அய்யா, அது இல்லீங்க..."

"மிஸ்ஸிய வேலைய விட்டுத் தூக்கிறாதீங்கம்மா. நல்ல பிள்ள. என் தப்புன்னே எழுதிக்குங்க." ஷீலா பக்கம் திரும்பினார். "என் கண்ணாடி எங்கடா?" பிறகு என் கையில் இருந்த பையைப் பார்த்தார். "எங்கம்மா கையெழுத்துப் போடணும்?"

என்னிடம் தாள் எதுவும் இல்லை. பையில் நான்கு ஆரஞ்சுகள் இருந்தன. அவர் மூக்குக்கண்ணாடிக்காக மேசைமேல் கையால் தடவிக்கொண்டிருந்தார்.