நிற்காத இன்ஜின்

என் வீட்டுக்காரருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? மலையடிவாரத்துத் தேவாரம் ஊரில் பிறந்தவர். கிணறு தெரியும், டீசல் இன்ஜின் தெரியும். சத்தத்தைக் கேட்டே இன்ஜினுக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். "சுருளிராஜன் கை வச்ச இன்ஜின் நிக்காது" என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சு மனுசன் மண்டையில் ஏறி உட்கார்ந்ததுதான் எனக்குப் பிடித்த சனியன்.

தோட்டமெல்லாம் கரண்டு மோட்டார் ஆனதும் இங்கே டீசல் வேலை படுத்துவிட்டது. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகில் இன்ஜின் பார்க்க ஆள் கேட்டார்கள். கிளம்பிவிட்டார்.

"கடல்ல எல்லைக்கோடு இருக்காமே, பிடிச்சிருவாகளாமே?" என்று கேட்டேன்.

"நீ தெனம் ஜீப்புல எல்லை தாண்டித்தான் ஏலக்காய் பறிக்கப் போற. ஒன்னைய எவன் பிடிச்சான்?" என்று சிரித்தார்.

கேரளா செக்போஸ்ட்டில் டிரைவர் கையைக் காட்டினால் போதும், ஜீப்பை விட்டுவிடுவார்கள். எங்களுக்குத் தெரிந்த எல்லை அவ்வளவுதான். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

மாசி மாதம் இலங்கை நேவி படகோடு எல்லோரையும் பிடித்துப் போய்விட்டது.

படகு முதலாளியின் ஆள் சசிதரன் என் வீட்டைத் தேடி வந்தான். இன்ஜின் நின்றுவிட்டது, காற்று எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போய்விட்டது என்று கோர்ட்டில் சொல்லப் போகிறார்களாம். நம்பினால் எச்சரித்து விட்டுவிடுவார்களாம். தெரிந்தே போனதென்றால் எல்லோருக்கும் ஜெயிலாம்.

"ஆனா இன்ஜின் பாக்குற அண்ணனே ஒத்துக்க மாட்டேங்குறாருக்கா. 'என் இன்ஜின் நிக்கலை'ன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாரு. நாளைக்குப் போன் பேச விடுவாக. நீங்கதான் சொல்லணும்."

இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! மறுநாள் வேலைக்குப் போகாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயிலில் மணி அடித்தது.

"ஏ மாரி, நல்லாருக்கியா?"

"யோவ், நலம் விசாரிக்கிற நேரமாய்யா இது? இன்ஜின் நின்னு போச்சுன்னு சொன்னா வாய் வலிக்குதா?"

"நிக்கலையே புள்ள. கோட்டுக்கு அங்கிட்டுத்தான் எறா நெறைய கெடக்குன்னு தெரிஞ்சேதான் போனோம். நம்ம இழுவலை அவுக போட்டிருந்த வலையெல்லாம் அள்ளிக் கிழிச்சிருச்சு. அவுகளும் நம்ம பாசை பேசுற சனம்தான்."

"நம்ம ஊர்ல வெள்ளாமையில மாடு புகுந்தா மொதல்ல என்ன கேப்பாக? கயிறு அத்து வந்த மாடா, அவுத்து விட்ட மாடான்னு கேப்பாகல்ல? கயிறு அத்ததுன்னா மாட்டுப் பவுண்டுல அடைக்க மாட்டாக, தண்ணி காட்டி அனுப்பிருவாக. அதையே அங்கனயும் சொல்லித் தொலைங்க."

"அவுத்துல்ல விட்டோம், மாரி."

"பொய் சொன்னா நாக்கு அழுகிருமா? ஒம் பேரைக் கட்டிக்கிட்டு நீ ஜெயில்ல கெட. நான் இங்கன யாரைக் கட்டிக்கிட்டு அழுகட்டும்?"

கோபமாகத்தான் ஆரம்பித்தேன். பாழாய்ப்போன அழுகை வந்துவிட்டது.  பிறகு "சரி" என்றார்.

சொல்லிவிட்டார். படகை வைத்துக்கொண்டு ஆட்களை விட்டுவிட்டார்கள். செய்தி வந்த அன்று ஜீப்பில் நான் பேசிய பேச்சில் டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டான். "இவ இருக்க வக்கீல் எதுக்கு?" என்றாள் என்னோடு காய் பறிக்கும் அக்கம்மாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வந்தவர் குளித்தார். சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார்.

"பேயறைஞ்ச மாதிரி இருக்கீக, சாப்பிடுங்க."

"கோர்ட்டு வராந்தாவுல ஒரு பொம்பளை நின்னுக்கிட்டிருந்தா. ஒன் வயசுதான் இருக்கும். கிழிஞ்ச வலை அவளுது. எங்களுக்கு எதிரா அவதான் சாட்சி. உள்ள கூப்பிடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து, 'மெய்யே அண்ணை, எஞ்சின் நிண்டு போச்சுதோ?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீக?"

"ஆமா தாயின்னேன்."

நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"என் மூஞ்சியையே பார்த்தா. 'அப்ப நீங்கள் என்ன செய்வியள், மெசின்தானே'ன்னா. உள்ள போயி, இவுக மேல எனக்குப் புகார் இல்லைன்னு சொல்லிட்டா. அதுலதான் விட்டாக. அவளுக்கு இருந்ததே அந்த ஒரு வலைதானாம்."

"ஊரான் வலைக்கு நாம என்ன செய்ய முடியும்? நீங்க வந்துட்டீக. எனக்கு அது போதும்." சத்தமாகத்தான் சொன்னேன். நாளைக்கே அந்தப் போன் மறுபடி வந்தாலும் அதே பொய்யைத்தான் சொல்லச் சொல்வேன். இருந்தும் எனக்கென்று எடுத்து வைத்த சோற்றை மூடி வைத்தேன்.

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நம்பிட்டா, மாரி. ஒரு வார்த்தை மறுத்துக் கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பேன். அவ நம்பிட்டா."