சுரங்கத்தில் இருப்பவர்களுக்காக

ஞாயிறுதோறும் விடியுமுன், பேரரசரின் தெய்வங்களுக்குத் தூபம் போட மறுத்துச் சுரங்கத்துக்குப் போனவர்களின் பெயர்களை எங்கள் கார்த்தேஜ் கிறிஸ்தவ சபையில் உதவிக்குரு ருஸ்திக்கஸ் மனப்பாடமாகச் சொல்வார். நாங்கள் கைகளை விரித்து நிற்போம். கடைசிப் பெயர் அரிசோ, என் கணவர். அப்போது எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். வேறென்ன மிச்சமிருந்தது எனக்கு?

பக்கத்து வீட்டு ஹோனராத்தா அரிசோவுக்காக நோன்பிருந்து புதனும் வெள்ளியும் சாப்பிடமாட்டாள். ஏற்கெனவே எலும்பும் தோலுமான உடம்பு.

ஒரு வாரம் சுரங்கத்திலிருந்து விடுதலையாகி சாமாக் வந்திருந்தார். தூரத்திலிருந்து வருகிறவர் அங்கிருக்கும் ஒவ்வொருவர் பெயராலும் குடும்பத்தாருக்குச் சமாதான முத்தம் கொடுப்பது எங்கள் வழக்கம். எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு மட்டும் இல்லை.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லி விடலையா?"

கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். "அவரு அங்க இல்லம்மா. வந்த மாசமே தூபம் போட்டுட்டு வெளிய போயிட்டாரு. சிர்த்தா ஊர்ல எண்ணெய் விக்கிறாரு." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஒரு குழந்தகூட இருக்கு. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றார்.

அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. கிணற்றுக் கல்லில் இருந்த பாசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரோடிருக்கிறாரே என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. மனசு மரத்துக் கிடந்தது.

சொன்னால் அவர் பெயர் போய்விடும், என்னைப் பார்ப்பவர்களும் போய்விடுவார்கள். சொல்லாமலே இருந்திருப்பேன். வெள்ளிக்கிழமை ஹோனராத்தா தண்ணீர்க் குடத்தோடு தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நேரே ருஸ்திக்கஸிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"விசுவாசத்துலேருந்து விழுந்தவங்களுக்குன்னு தனி ஜெபம் இருக்கும்மா," என்றார் அவர். "ஆனா அதுல பேரு சொல்றதில்ல."

விஷயம் தெரிந்ததும் ஹோனராத்தா என் வாசலில் நின்று கத்தினாள். "இந்தப் பயலுக்காகவாடி என் வயித்தக் காயப்போட்டேன்?"

ஞாயிறன்று அரிசோவுக்கு முந்தைய பெயரோடு ருஸ்திக்கஸ் நிறுத்திக்கொண்டார். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

புதன்கிழமை மனசு கேட்காமல், சூடாக ஒரு ரொட்டி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "சாப்பிடுக்கா. இனிமே எதுக்கு?"

அவள் ரொட்டியைத் தள்ளிவிட்டாள். "புதன்கிழமைன்னு தெரியாதா உனக்கு? சுரங்கத்துல இருந்தப்ப அவனுக்காக ஊரே ஜெபம் பண்ணிச்சு. அந்தப் படுபாவிக்கு இப்பத்தாண்டி நோன்பும் ஜெபமும் வேணும்."

அவள் வாசலிலேயே உட்கார்ந்து அந்த ரொட்டியை நானே தின்றேன். உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.